பிற துறைப் பாடத்துக்குப் பொது நேரம் வேண்டும்

ஐயா,

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் மாணவர் தம் துறைக்கு வெளியே தேர்ந்தெடுக்கும் பிற துறை விருப்பப் பாடம், பட்டப் படிப்புப் பாடத்திட்டத்தின் பகுதி 4-இல், பெரும்பாலும் வாரம் 2 மணி நேரம், 2 கிரெடிட் என ஒடுங்கிக் கிடக்கிறது. வரலாற்று மாணவி புள்ளியியல் படிக்க விரும்பினாலும் இரு துறைகளின் கால அட்டவணை மோதுகிறது. எல்லாத் துறைகளுக்கும் அந்த நேரத்தை ஒரே நாள், ஒரே பாடவேளையில் ஒதுக்குவதே முதல் வேலை.

பாடமும் மாற வேண்டும். முதன்மைப் பாடத்தைச் சுருக்கித் தருவதில் பயனில்லை. நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டால், உப்புத்தன்மையை அளக்க வேதியியலாரும் பாசனச் செலவைக் கணக்கிடப் பொருளியலாரும் சேர்ந்து கற்பிக்கலாம். ஆனால் உதவிப் பேராசிரியரின் வாராந்திர 16 மணி நேரப் பணிக்கணக்கில் கூட்டு வகுப்பைப் பாதியாகக் குறித்தால் யார் முன்வருவார்? இருவருக்கும் முழு நேரமாகவே குறிக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை