ஹாஃப்மைஸ்டருக்கும் ஒரு பக்கம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் மொசார்ட், பீத்தோவன் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அவர்களுடைய இசையை அச்சில் ஏற்றிய ஃபிரான்ஸ் அன்டன் ஹாஃப்மைஸ்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மனதை உறுத்தியது.

1754இல் ஜெர்மனியின் ரோட்டன்பர்கில் பிறந்தவர். சட்டம் படிக்க வியன்னா போனவரை இசை பிடித்துக்கொண்டது. தானே நிறைய எழுதினார். அப்புறம் 1780களில் பதிப்பகமும் தொடங்கினார். 1785 நவம்பரில் மொசார்ட் கைச்செலவுக்குப் பணம் கேட்டு அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இரண்டு டூகட் பொற்காசு கொடுத்ததாக ஹாஃப்மைஸ்டர் அதன்மேல் குறித்து வைத்தார். மொசார்ட் 1786இல் நான்கு தந்திக் கருவிகளுக்காக எழுதிய நால்வர் இசை (அவரது படைப்புப் பட்டியலில் கே.499) ஹாஃப்மைஸ்டர் பெயராலேயே அறியப்படுகிறது.

1800இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கூனெல் என்பவரோடு சேர்ந்து இன்னொரு பதிப்பகம். பீத்தோவனின் முதல் சிம்பொனி 1801இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. இசைமேதை ஜே. எஸ். பாக்கின் படைப்புகளையும் அச்சிட்டார்கள். பின்னாளில் பீட்டர்ஸ் என்ற பெரிய பதிப்பகமாக வளர்ந்தது அதுதான். விற்குமா விற்காதா என்று தெரியாத இசைக்குக் கைக்காசு போட்டவரை வெறும் வியாபாரி என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

அவருடைய சொந்த இசையும் சோடை போனதல்ல. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்காக அவர் எழுதிய டி மேஜர் கான்செர்ட்டோவை (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் இன்றும் வாசிக்கச் சொல்கிறார்கள். அடுத்த இணைப்பில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயலின் ஆசிரியை, கோவை