படுத்தால் அடங்கும் படபடப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட சோர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சோர்வோடு வரும் பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சியும் மனநல ஆலோசனையும் சொல்லியிருந்தீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பதற்றம் உடம்பிலிருந்தே கிளம்பலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் மூன்று வருஷத்துக்கு மேல் தொலைத்தவள் நான்.

2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. ஒருநாள் இரண்டு வாளி துணி துவைத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. கூடவே படபடப்பு. தோசை வார்க்க நின்றால் மூன்றாவது தோசைக்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று ஒரு பயம் கவ்வும். கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஈசிஜி நார்மல். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்று ஒரு மாத்திரை. மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்கு ஒரு நடை போய்வரலாமா என்று மாமியார் கேட்டார்.

என் நாத்தனார் நர்ஸ். தீபாவளிக்கு வந்திருந்தபோது, "அண்ணி, படுத்திருக்கும்போது இந்தப் பயம் வருதா?" என்று கேட்டார். யோசித்தால், வந்ததே இல்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்தார். பத்து நிமிஷம் படுக்க வைத்துப் பார்த்தார்: நாடித்துடிப்பு 76. அப்புறம் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்தார். 98, 107, 115. எட்டாவது நிமிஷம் 121. பிபி இறங்கவில்லை. ஈசிஜியைப் படுக்க வைத்துத்தானே எடுக்கிறார்கள்? அது நார்மலாக வந்ததில் என்ன ஆச்சரியம்!

இதற்குப் பாட்ஸ் (POTS) என்று பெயர் என்றார் பிறகு பார்த்த இதய மருத்துவர். நின்ற பத்து நிமிஷத்துக்குள் பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு 30, பதின்ம வயதினருக்கு 40 கூடி, இரத்த அழுத்தம் இறங்காமல் இருந்தால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். நின்றதும் இரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்குகிறது. அதை ஈடுகட்ட உடம்பு நார்அட்ரினலின் என்ற ஹார்மோனை விடுகிறது, இதயம் ஓடுகிறது. நாய் துரத்தினாலும் இதேதான் நடக்கும். இங்கே நாய் இல்லையா, மூளை தானாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது: பையன் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லையே என்று! அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் நாள்பட்ட சோர்வு நோய்க்கு வகுத்த அளவுகோலிலேயே, நிமிர்ந்திருக்கும்போது மோசமாகும் அறிகுறிகளுக்கு இடம் உண்டு.

பாட்ஸ் மட்டும்தான் காரணம் என்றில்லை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், பி12 குறைந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் சோர்வும் படபடப்பும் சேர்ந்தே வரலாம். இரத்தசோகையைக் கேட்கவே வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. சில ஆஸ்துமா இன்ஹேலர்களும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபியைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் இரண்டாவது டம்ளரை விட்டபிறகு எனக்குக் கை நடுக்கம் குறைந்தது.

மனநல மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சித்தி மகளை மீட்டதே அதுதான். எனக்கு மருத்துவர் சொன்னது நிறையத் தண்ணீர், கொஞ்சம் கூடுதல் உப்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான சாக்ஸ். (பிபி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைத் தாங்களாகக் கூட்டிவிட வேண்டாம்.) நோய் முழுக்கப் போய்விடவில்லை. அடுப்படியில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தோசை வார்க்கிறேன். பத்துப் பன்னிரண்டு வரைக்கும் தாங்குகிறது.

அடுத்த முறை பதற்றம் பற்றி எழுதும்போது, படுத்தும் நின்றும் நாடி பார்க்கும் இந்தப் பத்து நிமிஷச் சோதனையை ஓரமாக ஒரு கட்டம் கட்டியாவது போடுங்கள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து; நான் அன்றைக்கு விழப் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.