மலைவழியில் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயர்ந்த 282 சிகரங்களை மன்ரோக்கள் என்பார்கள். 1891இல் அவற்றை முதலில் பட்டியலிட்ட சர் ஹியூ மன்ரோவுக்கே அனைத்தையும் ஏறி முடிக்கும் பேறு கிட்டவில்லை. பல ஆண்டுகளாக நடந்தும் மிதிவண்டியிலும் அந்த மலைகளைத் தேடிச் சென்ற எனக்கு, சென்ற கோடையில் பென் ஆல்டரின் உச்சியில் அப்பட்டியல் நிறைவுற்றது. வாழ்த்தியவர்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுதிவிட்டேன். இம்மடல், பெரும்பாலும் என் பெயரைக்கூட அறியாமல் எனக்கு உதவியவர்களுக்கு உரியது.

பென் ஆல்டர் சாலையோரத்து மலை அன்று. டால்வின்னி ரயில் நிலையத்தில் இறங்கி, எரிக்ட் ஏரியின் கரையைப் பிடித்துச் சென்றால் மலையடியை நெருங்கவே சுமார் 15 கி.மீ. ஆகும். மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்னும், ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித்தின் 1892ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஏற்றத்தைச் சேர்க்காமலே போக வர 6 மணி நேரம் வேண்டும். மிதிவண்டி அதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததால்தான், இத்தகைய தொலைதூர மலைகளைக் கூடாரம் சுமக்காமல் ஒரே பகலில் ஏறித் திரும்ப முடிந்தது. தனியார் நிலத்தின் வழியே பொறுப்போடு நடக்கவும் மிதிவண்டியில் செல்லவும் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. அதற்காக நெடுங்காலம் வாதாடியவர்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்து, பாதை செப்பனிடும் தொழிலாளர்களுக்கு. இவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இவர்களுடைய வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படுவதில்லை. அங்குள்ள சரிவுகளில் மண் பெரும்பாலும் கரிய சதுப்பு மண். பல காலடிகள் பட்டுப் புல் தேய்ந்ததும் மழைநீர் அதே தடத்தில் ஓடி மண்ணை அரிக்கிறது, சேற்றைத் தவிர்க்க நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்க, பாதை ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகிறது. அதைத் தடுக்க, பாதையின் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்து நீரைச் சரிவின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். செங்குத்தான இடங்களில், ஹெலிகாப்டர் இறக்கிவைக்கும் கற்களைக் கடப்பாரையால் புரட்டி ஒன்றோடொன்று இறுகப் பொருத்திப் படிகளாக்குகிறார்கள். மழையிலும் காற்றிலும் அவர்கள் அப்படி வேலை செய்வதை அருகில் நின்று பார்த்த பிறகு, நிலம் இளகத் தொடங்கும் இடத்திலேயே மிதிவண்டியை விட்டுவிட்டு நடப்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடித்து வருகிறேன், சக்கரம் கீறும் ஒரு கோடுகூட அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும் என்பதால்.

மான் வேட்டைக் காலத்தில் வழி கேட்டபோது, எஸ்டேட் எனப்படும் பெரிய தனியார் நிலத்தின் மான் காவலர் ஒருவர் என்னைத் தடுக்கவில்லை. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைச் சொல்லி, என் வாடை மான்கள் மேயும் பள்ளத்துக்குள் போகாதபடி மேற்கு முகட்டின் வழியாக ஏறச் சொன்னார். ஓடையில் நீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொல்லி அனுப்பினார். வரைபடத்தில் எந்தக் கோடும் சொல்லாத அறிவு அது.

1965இல் தொடங்கிய மலைக்குடில் சங்கத்தின் தன்னார்வலர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். கட்டணமோ முன்பதிவோ இன்றி எவரும் தங்கக்கூடிய அந்தக் கல் குடில்களின் கூரையைச் சரிசெய்யவும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் தங்கள் விடுமுறை நாள்களைச் செலவிடுபவர்கள் அவர்கள்.

ஒரு மாலையில் உடன் வந்த நண்பருக்குக் கணுக்கால் முறிந்தது. அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்துக் காவல்துறையிடம் மலைமீட்பு வேண்டும் என்றோம். இருட்டிய பின், தலைவிளக்குகளோடு சரிவேறி வந்த மீட்புக் குழுவினர் அவரைத் தூக்குப்படுக்கையில் கட்டி, பல மணி நேரம் மாறி மாறிச் சுமந்து இறக்கினார்கள். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் அவர்கள். மீட்கப்பட்டவரிடமும் எதுவும் வாங்குவதில்லை. அவர்களில் பலர் மறுநாள் காலை தத்தம் வேலைக்குப் போக வேண்டியவர்கள் என்பதைப் பேச்சினிடையேதான் அறிந்தோம். என் நண்பர் இப்போது நன்றாக நடக்கிறார் என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்பதும் இம்மடலின் நோக்கங்களுள் ஒன்று.

சேறு படிந்த மிதிவண்டியை முகம் சுளிக்காமல் ரயிலில் ஏற்றிவிட்ட நடத்துநர்கள், பிரேக்குக் கட்டைகள் தேய்ந்த ஒவ்வொரு முறையும் அடுத்த பயணத்துக்குள் மாற்றித் தந்த மெக்கானிக், மலைமேல் காற்று நிற்கவிடுமா என்பதுவரை கணித்துச் சொல்லும் வானிலையாளர்கள் ஆகியோருக்கும் என் நன்றி உரியது.

திரும்பும் நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்போடு ஒவ்வொரு முறையும் விழித்திருந்த என் மனைவிக்கு இதை நேரிலேயே சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் இங்கு மீண்டும் சொல்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
ஒரு மலையேறி