கெத்தும் இலைக்கு ஐம்பது சட்டங்கள்

சிகாகோ,
14 அக்டோபர் 2025

அன்புள்ள குணசேகரனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. உன் பழைய மாணவன் ஒருவன் கெத்தும் நீர், அதாவது கெத்தும் மர இலையைக் கொதிக்கவைத்த போதை தரும் கசப்பு நீர், வைத்திருந்ததற்காக நீதிமன்றத்தில் நின்றதை எழுதிவிட்டு, நான் இருக்கும் நாட்டில் இதற்கு என்ன சட்டம் என்று கேட்டிருந்தாய். மலேசியாவில் 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் கெடாவுக்கும் ஜொகூருக்கும் ஒன்றுதான். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

இங்கு கிராட்டம் என்ற பெயரில் விற்பது நம் கெத்தும்தான். 2016 ஆகஸ்டு கடைசியில், இலையிலுள்ள மிட்ராகைனின், 7-ஹைட்ராக்ஸி-மிட்ராகைனின் ஆகிய இரண்டையும் ஹெராயின் இருக்கும் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையாகத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில், அவசரமாகச் சேர்க்கப்போவதாக நடுவண் போதைப்பொருள் அமலாக்க முகமை அறிவித்தது. எதிர்ப்பு கடுமையாக எழவே, ஆறு வாரங்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நடுவண் அரசு அப்படிப் பின்வாங்கிய இடத்தில் முடிவு மாநிலங்களின் கைக்கு வந்தது. சில மாநிலங்கள் அதற்கு முன்பே தடை விதித்திருந்தன.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை சிகாகோவின் தென்பகுதியில் இருக்கிறது. கிழக்கே இந்தியானா மாநிலத்தின் ஹாமண்ட் நகரம் கூப்பிடு தூரம்; வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் விஸ்கான்சின். இந்தியானாவில் கிராட்டத்துக்குத் தடை உண்டு; விஸ்கான்சின் 2014 இல் அதைத் தடை செய்தது. அதே ஆண்டு எங்கள் இல்லினாய் இயற்றிய சட்டமோ 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று மட்டும் சொன்னது. பொடியின் தூய்மை, அளவு, உறைமேல் என்ன எழுத வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இல்லினாய்க்குள்ளேயே ஆல்டன், எட்வர்ட்ஸ்வில் போன்ற நகரங்கள் தங்கள் எல்லைக்குள் தனியாகத் தடை போட்டிருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு தச்சர் என்னிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மதிய உணவுப் பெட்டியைத் திறந்து, ரொட்டிக்கு அருகில் இருந்த சிறிய நெகிழிப் பையைக் காட்டினார். உள்ளே பச்சைப் பொடியும் ஒரு தேக்கரண்டியும் இருந்தன. முதுகு அறுவைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வலி மாத்திரைகளுக்கு அடிமையாக இருந்ததாகவும், இந்தப் பொடியைக் கொண்டுதான் அவற்றை விட்டதாகவும் சொன்னார். அவருக்கு அடுத்த வேலை ஹாமண்டில். பெட்டியை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தியானா சட்டம் மிட்ராகைனினைச் செயற்கைப் போதைப்பொருள் என்று வகைப்படுத்தித் தடை செய்தது. மரத்தின் இலையில் தானே விளையும் பொருள் அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவர் மற்ற மருந்துகள் ஏதும் எடுக்கிறாரா என்று விசாரித்தேன். கிராட்டம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கக்கூடியது. ஆகவே அந்தக் கேள்வி எந்தச் சட்டத்தைவிடவும் அவருக்கு முக்கியமானது.

தடையும் வேண்டாம், கண்மூடித்தனமான விற்பனையும் வேண்டாம் என்று நினைத்த மாநிலங்கள் வேறு வழியில் போயின. 2019 இல் யூட்டா முதலில் கிராட்டம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா ஆகியவை அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. டெக்சாஸும் புளோரிடாவும் 2023 இல் சேர்ந்தன. முன்னதில் வாங்குவோர் வயது 18, பின்னதில் 21. இவ்வகைச் சட்டங்கள் பொதுவாகக் கலப்படத்தைத் தடுக்கின்றன, உறைமேல் உள்ளடக்கத்தை எழுதச் சொல்கின்றன. பலவற்றில் மொத்த ஆல்கலாய்டுகளில் (இலையின் வீரியமுள்ள வேதிப்பொருள்களில்) 7-ஹைட்ராக்ஸியின் பங்கு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் உண்டு. எனக்கு இந்த வழியே சரியென்று படுகிறது. 2018 இல் கிராட்டப் பொடியிலிருந்து சால்மொனெல்லா தொற்று 41 மாநிலங்களில் 199 பேரைத் தாக்கியபோது, தீங்கு செய்தது இலையின் குணம் அன்று, சோதிக்கப்படாத பொடியின் அழுக்கு.

அதற்காக இலையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2016 நடுவிலிருந்து 2017 இறுதி வரை நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்த போதை மரணங்களில் 152 பேரின் உடலில் கிராட்டம் இருந்தது. அவர்களில் 91 பேரின் சாவுக்கு அதுவும் காரணமாகக் குறிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலோரிடம் ஃபென்டனில் என்ற வீரியமிக்க வலிநீக்கி போன்ற வேறு பொருள்களும் இருந்தன.

இப்போது என்னைக் கவலைகொள்ள வைப்பது பொடி அன்று, மாத்திரை. பெட்ரோல் நிலையத்தில் பணம் செலுத்தும் மேசைமேல், மிட்டாய்களுக்குப் பக்கத்தில், 7-ஹைட்ராக்ஸியைச் செறிவூட்டிய வண்ண மாத்திரைகளைப் பார்த்தேன். இலையில் துளியாக மட்டுமே இருக்கும் பொருளைப் பிரித்து, மாற்றி, கூட்டிச் செய்தவை அவை. மேலுறையில் மட்டும் பச்சை இலையின் படம். கடந்த ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் இந்தச் செறிவுப் பொருளை அட்டவணைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தபோது, இயற்கை இலை தன் நோக்கம் அன்று என்று தெளிவாகக் கூறியது. ஆகஸ்டில் புளோரிடா அவசர விதியால் அதைத் தடை செய்து, இலையை விட்டுவைத்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து லூசியானாவோ எல்லாவற்றையும் ஒன்றாகத் தடை செய்துவிட்டது. 2017 முதல் தடை வைத்திருந்த ரோட் ஐலண்ட் எதிர்த்திசையில் திரும்பி, 2026 ஏப்ரல் முதல் முறைப்படுத்தப்பட்ட விற்பனைக்கு இடம் தரும் சட்டத்தை இயற்றியிருக்கிறது. இலையையும் மாத்திரையையும் ஒரே பெயரால் அழைக்கும் சட்டம் தச்சரையும் தண்டிக்கும், மாத்திரை வியாபாரியையும் தப்பவிடும். இதைத்தான் எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2021 ஆகஸ்டு 24 அன்று தாய்லாந்து கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதால், எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமுக்கு அப்பால் கடைகளில் விற்கும் இலைக்கு இப்பால் சிறை என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். எனக்கு ஓர் உதவி செய். நம் தோட்டத்து லயத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் முன் உன் அப்பா அந்தக் கசப்பு நீரை ஈயக் குவளையில் குடித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு குவளைக்கு எத்தனை இலை போட்டார்கள், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை குடித்தார்கள் என்று உன் பெரியம்மாவிடம் கேட்டு எழுது. மாத்திரையின் அளவை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று அந்த மனுவில் சொல்ல எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
இளங்கோ