சீனாவில் நமக்கு எது புதுசு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஞாயிறு இணைப்பில் வந்த சீனப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, படங்களும் அருமை. ஆனால் நடுவில் 'சீனர்களின் விசித்திரப் பழக்கங்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். குந்தி உட்காரும் கழிப்பறை, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பது, பெண்கள் வெயிலுக்குக் குடை பிடிப்பது, சாப்பிட்டு முடித்ததும் பில்லை நான்தான் கட்டுவேன் என்று இரண்டு பேர் மல்லுக்கட்டுவது. லண்டனிலிருந்து போகிறவருக்கு இதெல்லாம் விசித்திரம். விழுப்புரத்திலிருந்து போகிறவருக்கு இதில் என்ன விசித்திரம்? யாரோ வெள்ளைக்காரர் எழுதின பட்டியலைத் தமிழில் போட்ட மாதிரி இருந்தது.

நான் திருப்பூர்க்காரன். ஜிப், பட்டன், லேபிள் என்று சாமான் வாங்க சீனாவின் மொத்த வியாபார ஊர்களான குவாங்சோ, யிவூ பக்கம் போய்வருகிற ஆள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் குவாங்சோவில் கேன்டன் கண்காட்சி என்கிற பெரிய வர்த்தகச் சந்தை நடக்கும்போது அங்கே தமிழ்க் குரல் கேட்காத நாள் இருக்காது. எங்களைக் கேட்டிருந்தால் பட்டியல் வேறு மாதிரி வந்திருக்கும்.

அந்தக் கழிப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். குந்துவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே தண்ணீர்க் குழாயோ மக்கோ இருக்காது, பல இடங்களில் காகிதமும் இருக்காது, பையில் கொண்டுபோக வேண்டும். இருக்கிற இடத்திலும் கெடுபிடி. 2017-இல் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் பூங்காவில், நம் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு 60 செ.மீ. காகிதம் மட்டும் நீட்டுகிற இயந்திரத்தை வைத்தார்கள், இன்னும் வேண்டுமென்றால் 9 நிமிடம் காத்திருக்க வேண்டும். தமிழ் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது. குந்துவது அல்ல.

அடுத்தது வெந்நீர். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்த உடனே, ஜூலை மாத வேக்காட்டிலும், சுடச்சுட வெந்நீரோ டீயோதான் வரும். ஜில்லென்று தண்ணீர் கேட்டால் உடம்புக்கு ஆகாதே என்கிற முகத்தோடு கொண்டுவருவார்கள். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் வெந்நீர்க் குழாய் உண்டு, அதிவேக ரயிலில் பெட்டிக்குப் பெட்டி உண்டு, ஆட்கள் தேயிலை மிதக்கிற பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிரப்பிப் போவார்கள், இன்னொருவர் கப் நூடுல்ஸுக்கு ஊற்றிக்கொள்வார். குளிர்ந்தது வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்கள் வைத்தியத்தில் பழைய நம்பிக்கை. அதற்கு மேல் 1952-இல் அரசு தொடங்கிய சுகாதார இயக்கம், காய்ச்சின நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. குழாய்த் தண்ணீரை இன்றும் யாரும் அப்படியே குடிப்பதில்லை. தலைவலி, சளி, மாதவிலக்கு வலி, எதற்கும் முதல் மருந்து வெந்நீர்தான். காதலி உடம்பு சரியில்லை என்றால் 'வெந்நீர் குடி' என்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற பையன்களை அங்கே இணையத்தில் ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறார்கள்.

குவாங்சோ பக்கம் சாப்பிட உட்கார்ந்தால் இன்னொன்று பார்க்கலாம். முதல் கெண்டி டீயை யாரும் குடிக்க மாட்டார்கள். கிண்ணம், கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அந்தச் சூட்டில் அலசி, கழுவின தண்ணீரை நடுவில் வைத்திருக்கிற பெரிய பாத்திரத்தில் ஊற்றுவார்கள். பிறகுதான் குடிக்கிற டீ. யாராவது உங்கள் கிண்ணத்தில் டீ ஊற்றினால் வாய் திறந்து நன்றி சொல்ல வேண்டாம், இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும். கெண்டி காலியாகிவிட்டதா? மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் தானாக வந்து நிரம்பும். கூப்பிட்டுக் கத்தத் தேவையில்லை.

நேரம் விஷயத்தில்தான் நம்மவர்கள் நிறைய அவதிப்படுகிறார்கள். 12 மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் ஆபீஸில் விளக்கை அணைத்துவிட்டு மேசையில் தலை வைத்துத் தூக்கம், சிலர் மேசைக்கடியில் மடக்குக் கட்டிலே வைத்திருப்பார்கள். ஒன்றரை வரை போன் போட்டுப் பயனில்லை. இரவுச் சாப்பாடு 6 மணிக்கு. நம்மூர் வழக்கப்படி ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் சின்ன ஊர்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள் (குவாங்சோ மாதிரி பெரிய ஊர்களில் நள்ளிரவுக்கும் கடை உண்டு, அது தனிக் கதை).

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிறவரிடமும் கியூஆர் கோடு தொங்கும், அதில் மட்டும் நமக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் நம் ஜிபே அங்கே உதவாது. கிளம்புவதற்கு முன்பே அங்கே பணம் கட்டுகிற செயலிகளான அலிபேயிலோ வீசாட்டிலோ வெளிநாட்டில் செல்லுகிற கார்டை இணைத்துக்கொள்ள வேண்டும், 2023-க்குப் பிறகு இது சுலபமாகிவிட்டது. ரொக்கம் வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்வது சட்டப்படி தப்பு, சரி, ஆனால் அவரிடம் சில்லறை இருக்காதே.

இனி உங்கள் கட்டுரை கேலி செய்த ஷாங்காய் கல்யாணச் சந்தைக்கு வருகிறேன். மக்கள் பூங்காவில் சனி, ஞாயிறு மதியங்களில் கூடுகிறது. பெற்றோர்கள் குடையை விரித்துத் தரையில் வைத்து, அதன்மேல் பிள்ளையின் விவரம் எழுதின தாளைக் குத்தியிருப்பார்கள். பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு. பெரும்பாலும் போட்டோ இருக்காது. தன் தாள் அங்கே தொங்குகிறது என்று பிள்ளைகளில் பலருக்குத் தெரியவே தெரியாது. அப்பா அம்மா வரன் தேடுவது நமக்கு என்ன அதிசயம்? மேட்ரிமோனி பக்கத்தை வாராவாரம் போடுகிற பத்திரிகைதானே நீங்களும்! வித்தியாசம் அந்தத் தாளில் என்ன இல்லை என்பதில் இருக்கிறது. சாதி இல்லை. நாம் சாதி போடுகிற இடத்தில் அவர்கள் ஹுகோ போடுகிறார்கள், அதாவது எந்த ஊர்க் குடிப்பதிவு என்று. பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது வரை பலதும் அதை ஒட்டியே இருப்பதால் ஷாங்காய் பதிவுள்ள வரனுக்குக் கிராக்கி, வெளியூர்க்காரர் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கட்டம் வேறு, கறார் அதே.

கட்டுரை தொடவே தொடாத ஒன்று உண்டு, எனக்கு அங்கே பிடித்ததும் அதுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எந்தச் சதுக்கத்துக்குப் போனாலும் ஒரு ஸ்பீக்கர் அலறும், ஐம்பது அறுபது வயது அம்மாக்கள் வரிசை கட்டி ஆடுவார்கள். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, பேரப்பிள்ளை ஓரமாகக் காலால் உந்துகிற குட்டி ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு 50 வயதிலும் அலுவலகப் பெண்களுக்கு 55-லும் ஓய்வு என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்துதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். ஆக, தெம்பும் நேரமும் இருக்கிற வயசு. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்குப் போவதும் உண்டு, 2022-இல் அமலுக்கு வந்த ஒலி மாசுச் சட்டத்தில் இந்தப் பொது இடப் பாட்டுக்கும் விதி எழுதவேண்டி வந்தது. இருக்கட்டும். நம்மூரில் 55 வயது அம்மா ஒருவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாட்டுப் போட்டு ஆடினால் அந்தத் தெரு எத்தனை மாதம் பேசும்?

கடைசியாக, சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று எழுதியிருந்ததும் சரியில்லை. பிரச்சினை என்னவென்றால், பீன்ஸ் வறுவலிலும் டோஃபுவிலும் கொத்தின பன்றிக்கறியை ருசிக்காகத் தூவுவார்கள், அதை அவர்கள் கறி உணவாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இப்படித்தான் தட்டு வரும். பௌத்தக் கோயில்களை ஒட்டி சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, வெங்காயம் பூண்டுகூட அங்கே பெரும்பாலும் சேர்ப்பதில்லை. வேறு கடையாக இருந்தால், புத்த பிட்சு சாப்பிடுகிற மாதிரி வேண்டும் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள், சமையல்காரருக்குச் சட்டென்று விளங்கும். அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் இருந்தால் இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்.