சாட்ஸ்வொர்த் எப்படி உண்டாயிற்று

அன்புள்ள மகளுக்கு,

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஏன் இத்தனை இந்தியர்கள் என்று உன்னுடன் வேலை செய்பவர் கேட்டதற்கு, நம் ஆட்கள் எப்போதும் கூடி வாழவே விரும்புவார்கள் என்று சொல்லிச் சமாளித்ததாக எழுதியிருந்தாய். யாரும் விரும்பிக் குடிவந்த ஊரல்ல அது.

1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனைச் சுற்றியிருந்த கேட்டோ மேனர், மேவில், கிளேர்வுட் போன்ற இடங்களில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தும், முடிந்தவர்கள் விலைக்கு வாங்கியும் காய்கறி பயிரிட்டார்கள். கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கைக்காசு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். உன் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் கேட்டோ மேனரில் பலகையும் தகரமுமான ஒரே வீட்டில் குடும்பங்களோடு இருந்தார்கள். விடியுமுன் கொத்தமல்லியும் கீரையும் கட்டி வார்விக் சாலைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள்.

எல்லாம் 1948-இல் இனஒதுக்கல் கொள்கை கொண்ட தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்த பின்புதான் தொடங்கியது என்று பலர் சொல்வதை நான் ஒப்புவதில்லை. இந்தியரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று டர்பன் நகரசபை அதற்கு வெகு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. 1946-இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியபோது, டாக்டர் மான்ட்டி நாயக்கர், டாக்டர் யூசுஃப் தாதூ ஆகியோர் தலைமையில் சாத்விக எதிர்ப்பு நடந்து பலர் சிறை சென்றார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். பிரித்து வைத்தால்தான் அமைதி என்று சொல்ல ஆட்சியாளருக்கு அது நல்ல சாக்காயிற்று. மறு ஆண்டே, ஒவ்வோர் இனத்தாரும் தங்களுக்கென ஒதுக்கிய பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்தது. 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்குரிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கே நமக்கு அக்கம்பக்கமாக இருந்த ஆப்பிரிக்கர்களை அவர்களுக்கென அமைத்த க்வாமாஷு குடியிருப்புக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல், ஏனென்றால் இந்தக் கதையை நம்முடையதாக மட்டும் சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

சாட்ஸ்வொர்த் நிலமும் சும்மா கிடந்ததல்ல. இந்தியர்கள் வாழை பயிரிட்ட தோட்டங்களைக் கையகப்படுத்தி, ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசிக்கும் வெள்ளையர் பகுதிகளுக்கும் நடுவே தடுப்புப் போல அதை அமைத்தார்கள். 1964 முதல் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நகராட்சித் தொழிலாளர்களான தமிழரும் தெலுங்கரும் நிறைந்திருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பும் அப்படித்தான் காலியாயிற்று. ஊரின் பகுதிகளுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லாத அவசரம், பதினோரு யூனிட் என்று எண் போட்டார்கள். இன்றும் முதியவர்கள் வெஸ்ட்கிளிஃப் என்னாமல் யூனிட் த்ரீ என்றே சொல்வார்கள்.

வீடு என்றால் கல்நார்க் கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் ஒதுக்கியதால் தாத்தாவும் தம்பிமார்களும் மூன்று யூனிட்டுகளுக்குப் பிரிந்தார்கள். தோட்டம் போனதும் தாத்தா ஆலை வேலைக்குப் போனார். சின்ன ஆயா தையல் ஆலைக்குப் போனார். முன்பு விற்ற கீரையைக் காசு கொடுத்து வாங்கியதோடு, பஸ் கட்டணமும் வாடகையும் புதிதாகச் சேர்ந்தன. சேரி ஒழிப்பு என்று சொல்லித்தானே எங்களை எழுப்பினார்கள், அப்படியானால் கேட்டோ மேனரின் பெரும்பகுதியை ஏன் ஆண்டுக்கணக்கில் புதர் மண்டவிட்டார்கள்? கோயில்கள் சில மட்டும் அங்கேயே நின்றன. புனித வெள்ளியன்று பெல்லேர் சாலைக் கோயிலில் தீமிதிக்க நாம் இன்னும் போவது அதனால்தான்.

1991-இல் குழுப் பகுதிச் சட்டம் நீங்கியும் வாடகைப் பாக்கி நீங்கவில்லை. மக்களாட்சி வந்த பின்னும் பாக்கிக்காக ஏழைகளை வெளியேற்ற முயன்றபோது, இனஒதுக்கலை எதிர்த்துப் போராடிய பேராசிரியர் பாத்திமா மீர் இங்குள்ளவர்களோடு நின்றார்.

பறிபோன நிலத்தையோ அதற்கு ஈட்டையோ கேட்க வழிசெய்த நில மீட்புச் சட்டத்தின்படி நாம் 1998-இல் கெடு முடியுமுன் மனு கொடுத்தோம், பணமாகத்தான் கிடைத்தது. அந்த மனுவின் நகலும் பழைய குத்தகைச் சீட்டும் என்னிடம் உள்ளன. டிசம்பரில் வரும்போது ஸ்கேன் செய்து உன் தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா