கேட்கும் தொகைக்குக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வக்கீல் வைக்க வசதியின்றித் தாமே வழக்காடுபவர்களை மிகவும் தடுமாற வைப்பது, இழப்பீடாக எவ்வளவு கேட்பது என்ற கேள்விதான். மாடியைப் பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர் மீது நான் தொடுத்த வழக்கில், மன உளைச்சலையும் சேர்த்து ஒரு மொத்தத் தொகையைப் பிராதில் எழுதியிருந்தேன். "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று நீதிபதி கேட்டபோது என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பை நிறைய ரசீதுகள் இருந்தன. அவற்றில் பாதி, தேதிகூடத் தெரியாதபடி மை மங்கிப்போன கடைச்சீட்டுகள்.

அடுத்த வாய்தாவுக்குள் செலவு, தேதி, ஆதாரம் என்று கோடு போட்டு எழுதத் தொடங்கியதும் தொகை தானாகச் சுருங்கியது. 1854இல் இங்கிலாந்தில் முடிவான ஒரு வழக்கை அப்போதுதான் படித்தேன். உடைந்த சுழல்தண்டை எடுத்துச் சென்றவர் தாமதித்ததால் மாவு ஆலை மேலும் சில நாட்கள் ஓடாமல் நின்றது. எனினும் அந்த நாட்களின் லாபம் ஆலைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் ஒப்பந்தம் செய்தபோது அத்தகைய இழப்பை இரு தரப்பும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. மாடியை வாடகைக்கு விடவிருந்ததை நானும் ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருக்கவில்லை. கனத்த மனதுடன் அந்த வாடகையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஒழுகிய இடத்தைத் தார்ப்பாயால் மூடாமல் விட்டதால் பெருகிய சேதத்தையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது வாதியின் பொறுப்பு.

சமரசத் தொகை வேறு கணக்கு. நிரூபிக்கக்கூடிய இழப்பு 100 பங்கு, வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு எனில், 60 பங்கில் தொடங்கி, இனி ஆகும் செலவையும் காத்திருக்கும் காலத்தையும் அதில் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பை மதிப்பிட, நம் மீது பாசம் இல்லாத ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டுவது நல்லது. இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற தொகையைப் பேச்சுக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதை முடிவு செய்ய முடியாது. சமரச ஒப்பந்தத்தில் "முழுத் தீர்வாக" என்ற சொல் இருந்தால், பின்னால் தெரியவரும் சேதத்துக்கும் பொதுவாகக் கதவு அடைபட்டுவிடும். பணம் தரும் தேதியும், தவறினால் என்ன என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

நீதிமன்ற ஊழியர்கள் சட்ட ஆலோசனை கூறக்கூடாது என்பது சரியே. ஆனால் செலவு, தேதி, ஆதாரம் என்ற கட்டங்கள் கொண்ட ஒரு வெற்றுத் தாளை மனுவுடன் தருவது ஆலோசனை ஆகாது. மனு வாங்கும் இடங்களில் அத்தகைய தாள் வைக்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாமே வழக்காடிய வாசகர்